டிஜிட்டல் நோமாட் விசா எடுக்கலாமா? அங்கே ஏற்கனவே குடியிருப்பவர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் கம்பெனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. டிஜிட்டல் நோமாட் விசா எடுத்துக்கொண்டு ஓரிரு வருடம் வேறொரு நாட்டில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். ஆனால் அங்கே பல வருடமாகக் குடியிருக்கும் வெளிநாட்டவர்களிடம் விசாரித்தால், ஒருவர் "இதைவிட நல்ல வாய்ப்பு வராது" என்கிறார், இன்னொருவர் "காசைக் கரைக்காதே, இதனால் ஒரு பயனும் இல்லை" என்கிறார். இதில் யாரை நம்புவது?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த விசா உண்மையில் எதைத் தருகிறது என்பது ஒன்று. இதை எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் சொல்வதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது இன்னொன்று. வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கு விசா, குடியிருப்பு அனுமதி விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வரி பற்றியும் பேசியாக வேண்டும், ஆனால் நான் வரி ஆலோசகன் இல்லை. அந்த இடத்தில் பொது விதியைத்தான் சொல்வேன். உங்கள் கணக்கை அந்தந்த நாட்டு வரி ஆலோசகரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இந்த விசா எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அதன் பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன. 2020க்கு முன் பெரும்பாலான நாடுகளின் குடிவரவுச் சட்டத்தில் வெளியாட்களுக்கு இருந்தவை சில வழிகள்தான்: சுற்றுலாப் பயணி, உள்ளூர் கம்பெனியில் வேலைக்கு வருபவர், மாணவர், குடும்ப உறவு, ஓய்வூதியர், முதலீட்டாளர். வேறொரு நாட்டுக் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர் இவற்றில் எதிலும் அடங்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் சுற்றுலா விசாவில் வந்து, சத்தமில்லாமல் வேலை பார்த்து, விசா முடியும்போது எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். இதைத்தான் 'விசா ரன்' என்கிறார்கள். பெருந்தொற்றில் சுற்றுலா நின்றுபோன 2020இல் நிலைமை மாறியது. அந்த வருடம் ஜூலையில் பார்படாஸ் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்ற 12 மாத அனுமதியைக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் எஸ்டோனியா, அக்டோபரில் துபாய், பிறகு மொரிஷியஸ், 2021இல் குரோஷியா, கிரீஸ், 2022இல் மலேசியா, போர்ச்சுகல், 2023 தொடக்கத்தில் ஸ்பெயின், 2024இல் தென்கொரியா, ஜப்பான், இத்தாலி, தாய்லாந்து என்று வரிசையாகத் தொடர்ந்தன.

இவர்கள் எல்லோருடைய கணக்கும் ஒன்றுதான். வெளிநாட்டில் சம்பாதித்த பணம் உள்ளூரில் செலவாக வேண்டும், உள்ளூர் ஆளின் வேலை பறிபோகக் கூடாது, வந்தவரின் மருத்துவச் செலவு அரசின் தலையில் விழக் கூடாது. நிபந்தனைகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை: குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம், வெளிநாட்டு முதலாளி அல்லது வாடிக்கையாளர், சொந்தச் செலவில் மருத்துவக் காப்பீடு, குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று. விண்ணப்பிக்கிறவர் அங்கே வேர்விட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் நோக்கத்தில் இல்லவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், எக்ஸ்பாட்கள், அதாவது அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவர்கள், சொல்லும் குறைகளில் பாதிக்குக் காரணம் தெரிந்துவிடும்.

அடுத்து நிச்சயமாகச் சொல்லக்கூடியது: எல்லாவற்றுக்கும் 'டிஜிட்டல் நோமாட் விசா' என்று ஒரே பெயர் சொன்னாலும், உள்ளே இருப்பவை இரண்டு வேறு வகைகள். ஒன்று, நீட்டப்பட்ட சுற்றுலா. மற்றொன்று, குடியிருப்பின் முதல் படி. ஜப்பானுடையது முதல் வகைக்குத் தெளிவான உதாரணம். ஆண்டுக்கு 1 கோடி யென் வருமானம் காட்ட வேண்டும். கிடைப்பது 6 மாதம். நீட்டிக்க முடியாது. மறுபடி வர வேண்டுமென்றால் 6 மாதம் வெளியே இருந்துவிட்டு வர வேண்டும். நீண்டகாலம் தங்குகிறவர்களுக்குத் தரும் குடியிருப்பு அட்டை இதில் கிடையாது. அந்த அட்டை இல்லாமல் ஜப்பானில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போடுவதும் வங்கிக் கணக்கு தொடங்குவதும் எவ்வளவு பாடு என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐஸ்லாந்தும் இதே வகைதான். மாதம் 10 லட்சம் குரோனா வருமானம் காட்டினால் அதிகபட்சம் 180 நாள். குரோஷியா கொஞ்சம் தாராளம். ஓராண்டாக இருந்ததை இப்போது 18 மாதம் வரை தருகிறார்கள், ஆனால் அது முடிந்ததும் வெளியேறி 6 மாதம் காத்திருந்துதான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.

இரண்டாம் வகைக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும். ஸ்பெயினின் அனுமதி 2022 டிசம்பரில் நிறைவேறிய ஸ்டார்ட்அப் சட்டத்தின் கீழ் வருகிறது. நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானம் வேண்டும். பட்டப்படிப்பு அல்லது மூன்று வருட அனுபவம், குறைந்தது ஓராண்டாக நடந்துவரும் கம்பெனி, அந்தக் கம்பெனியோடு குறைந்தது 3 மாத உறவு, இவை எல்லாம் காட்ட வேண்டும். தூதரகத்தில் விண்ணப்பித்தால் முதலில் ஓராண்டு. சட்டப்படி ஸ்பெயினுக்குள் இருக்கும்போதே விண்ணப்பித்தால் நேராக 3 ஆண்டு. தொடர்ந்து 5 ஆண்டு ஆனால் நிரந்தரக் குடியிருப்புக்குக் கேட்கலாம். அதற்கு அந்த 5 ஆண்டுகளும் ஸ்பெயினில்தான் வாழ்ந்திருக்க வேண்டும். மொத்தமாக 10 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கணக்கு உடைந்துவிடும். ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கலாம் என்று எடுக்கிறவருக்கு இது பொருந்தாது. பலர் இதைக் கவனிக்காமல் எடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் வந்து நிற்கிறார்கள்.

போர்ச்சுகலில் இன்னொரு சிக்கல் உண்டு. டி8 என்று எல்லோரும் சொல்லும் விசா 2022 அக்டோபர் இறுதியில் தொடங்கியது. வருமானம் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு. 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. ஆனால் டி8க்குள்ளேயே இரண்டு பிரிவு இருக்கிறது. தற்காலிகத் தங்கல் என்று எடுத்தால் ஓராண்டு இருந்துவிட்டுப் போவதற்கு. குடியிருப்பு என்று எடுத்தால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு குடியிருப்பு அட்டை வாங்கிக்கொண்டு, ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். படிவத்தில் எதைக் குறித்தோம் என்பதே தெரியாமல் விண்ணப்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "போர்ச்சுகல் நோமாட் விசாவில் எதிர்காலம் இல்லை" என்று ஒருவரும் "ஐந்து வருடத்தில் நிரந்தரம்" என்று இன்னொருவரும் சொன்னால், இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். அவர்கள் எடுத்தது வேறு வேறு அனுமதி.

தாய்லாந்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் எக்ஸ்பாட்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடப்பது அங்கேதான். 2024 ஜூலையில் வந்த டிடிவி, அதாவது 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா', 5 ஆண்டு செல்லுபடியாகும். 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். வயது குறைந்தது 20 இருக்க வேண்டும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 5 ஆண்டு என்பது விசாவின் ஆயுள், தங்கும் காலம் அல்ல. ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள். குடிவரவு அலுவலகம் சம்மதித்தால் இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் நீங்கள் வந்து தங்கியிருப்பதை டிஎம்30 என்ற படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் செய்யாமல் விட்டால், குடிவரவு அலுவலகக் கவுன்டரில் உங்கள் அடுத்த காரியம் தடைபடும். விண்ணப்பம் நாட்டுக்கு வெளியேயிருந்துதான். பணக் கையிருப்பை எத்தனை மாத ஸ்டேட்மென்டில் காட்டுவது என்பது தூதரகத்துக்குத் தூதரகம் மாறுகிறது. வங்கிகள் இதைச் சுற்றுலா வகையாகவே பார்ப்பதால், கணக்கு தொடங்க முடிந்தவர்களும் உண்டு, கிளை கிளையாக அலைந்து கைவிட்டவர்களும் உண்டு.

இப்போது அதே தாய்லாந்தில் இருக்கும் மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 50 வயது தாண்டியவர். வங்கியில் 8 லட்சம் பாட் முடக்கி வைத்து, ஆண்டுதோறும் ஓய்வூதிய விசாவைப் புதுப்பித்து வருகிறார். அவர் பார்வையில் டிடிவி என்பது குறைந்த பணத்துக்கு, வேர்விடும் எண்ணம் இல்லாதவர்களுக்குத் திறந்துவிட்ட வாசல். இரண்டாமவர் முப்பதுகளில் இருப்பவர். மொழி வகுப்பில் பெயரைப் பதிந்து மாணவர் விசாவில் தங்கி, மறைவாக வேலை பார்த்து வந்தவர். எல்லையில் அதிகாரி ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் என்று வாழ்ந்தவருக்கு டிடிவி பெரிய நிம்மதி. மூன்றாமவர் உள்ளூர்க் கம்பெனியில் வேலை அனுமதியோடு இருப்பவர். மாதாமாதம் வரியும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் கட்டுகிறார். தான் கட்டும் எதையும் கட்டாமல் ஒருவர் பக்கத்து வீட்டில் இருப்பது அவருக்கு உறுத்துகிறது. மூவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் மூன்றும் அவரவர் நிலைமைக்கான பதில்கள். உங்களுக்கு வேண்டிய பதில் இரண்டாமவரிடம் இருக்கலாம், அல்லது யாரிடமும் இல்லாமல் இருக்கலாம்.

எக்ஸ்பாட்களின் கருத்தை நான் இப்படித்தான் எடைபோடுவேன்: சொல்கிறவர் எந்த அனுமதியில் இருக்கிறார், எந்த வருடம் அதை வாங்கினார், அங்கேயே இருந்துவிட வந்தவரா கொஞ்சகாலம் இருந்துவிட்டுப் போக வந்தவரா. இந்த மூன்றும் தெரியாத கருத்தை நான் ஒதுக்கிவிடுவேன். குறிப்பாக வருடம். போர்ச்சுகலுக்கு 2019இல் போனவர் என்எச்ஆர் என்ற பத்து வருட வரிச் சலுகையோடு போனார். அது 2024 முதல் புதிதாக வருபவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் வந்த சலுகை ஆராய்ச்சி, குறிப்பிட்ட உயர்திறன் பணிகள் போன்ற குறுகிய வட்டத்துக்கு மட்டும். குடிவரவுத் துறையும் 2023 அக்டோபரில் கலைக்கப்பட்டு, ஏஐஎம்ஏ என்ற புதிய அமைப்பு வந்தது. அது தொடங்கும்போதே லட்சக்கணக்கான பழைய கோப்புகள் தேங்கிக் கிடந்தன. விசாவோடு போய் இறங்கியும், அட்டைக்கான அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். 2019காரரின் மகிழ்ச்சியும் 2024காரரின் கசப்பும் ஒரே நாட்டைப் பற்றியவை என்றே சொல்ல முடியாது.

வாடகை பற்றி. எக்ஸ்பாட்களுக்குள்ளேயே கோபமும் குற்ற உணர்வும் அதிகம் இருப்பது இதில்தான், அதனால் விட்டுவிட்டுப் போக முடியாது. லிஸ்பனிலும் பார்சிலோனாவிலும் வீட்டு வாடகையை எதிர்த்துப் பெரிய ஊர்வலங்கள் நடந்திருக்கின்றன. 2025 ஜூலையில் மெக்சிகோ சிட்டியில், வெளிநாட்டு ரிமோட் ஊழியர்கள் அதிகம் குடியேறிய காண்டெசா, ரோமா பகுதிகளில் ஆர்ப்பாட்டம் வன்முறை வரை போனது. இதில் நிச்சயமானது, உள்ளூர்ச் சம்பளத்தைப் போல் பல மடங்கு வருமானம் உள்ளவர்கள் ஒரே பேட்டையில் குவிந்தால் அந்தப் பேட்டையின் வாடகை உயரும் என்பது. சந்தேகத்துக்குரியது, ஒரு நகரம் முழுவதற்குமான வாடகை உயர்வில் நோமாட் விசாக்காரர்களின் பங்கு எவ்வளவு என்பது. சுற்றுலா வாடகை வீடுகள், முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைத்த வீடுகள், புதிதாகக் கட்டாமல் விட்டது, இவை எல்லாம் கலந்திருக்கின்றன. மெக்சிகோவில் 'நோமாட் விசா' என்று பெயரிட்ட ஒன்று கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே வந்தவர்கள் சுற்றுலா அனுமதியிலும் தற்காலிகக் குடியிருப்பிலும் வந்தவர்கள்தான். விசாவை ஒழித்தால் பிரச்சினை ஒழியும் என்பது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. ஆனால் நீங்கள் போகிற ஊரில் அண்டை வீட்டார் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை இது தீர்மானிக்கும். கூட்டம் குவிந்த பேட்டையை விட்டுத் தள்ளி, ஒரு வருட ஒப்பந்தத்தில், அவ்வூர்க்காரர்கள் கொடுக்கும் வாடகையில் வீடு எடுத்தவர்கள் மொழியும் கற்றுக்கொள்கிறார்கள், நட்பும் அமைகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இனி வரி. இங்கேதான் மிகத் தவறான அறிவுரைகள் உலவுகின்றன. விசா என்பது தங்க அனுமதி. வரி விதிக்கலாமா வேண்டாமா என்பதை வேறு சட்டம் தீர்மானிக்கிறது. பல நாடுகளில் ஓராண்டில் 183 நாள் தங்கினால் நீங்கள் அந்நாட்டு வரிக் குடியிருப்பாளர், அதாவது அந்நாட்டு வரிச் சட்டத்துக்குள் வருகிறவர். தாய்லாந்தில் 180 நாள். சில நாடுகள் நோமாட்களுக்கு என்றே விலக்கு எழுதி வைத்திருக்கின்றன. குரோஷியாவும் கோஸ்டா ரிக்காவும் அந்த அனுமதியில் வருகிறவரின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வருமான வரி கேட்பதில்லை. பார்படாஸும் வெல்கம் ஸ்டாம்ப்காரரை வரிக் குடியிருப்பாளராகக் கருதுவதில்லை. எஸ்டோனியா அப்படி இல்லை, 183 நாள் தாண்டினால் வரி உண்டு. எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சியை இந்த விசாவோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2014இல் வந்த அந்த டிஜிட்டல் அடையாள அட்டை, கம்பெனி தொடங்கவும் நடத்தவும் உதவும். அந்நாட்டில் ஒரு நாள்கூடத் தங்க அனுமதி தராது. ஸ்பெயினில் வரிக் குடியிருப்பாளர் ஆனாலும், தகுதி இருந்தால் சிறப்பு முறையைத் தேர்ந்தெடுத்து 6 லட்சம் யூரோ வரை 24 சதவீதம் என்ற ஒரே விகிதத்தில் கட்டலாம். ஆனால் அதற்குச் சமூகப் பாதுகாப்பில் சேர்ந்த 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தேதி தவறினால் தவறியதுதான்.

"நான் போய் நான்கு வருடம் ஆகிறது, யாரும் வரி கேட்கவில்லை" என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்கவில்லை என்பது உண்மையாக இருக்கும். கேட்க உரிமை இல்லை என்று ஆகாது. தாய்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல், வரிக் குடியிருப்பாளர் அந்தத் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை எந்த வருடம் நாட்டுக்குள் கொண்டுவந்தாலும் வரிக்கு உட்பட்டது. அதற்கு முன் ஒரு வருடம் தள்ளிக் கொண்டுவந்தால் வரி இல்லை என்று எல்லோரும் வழக்கமாகச் செய்துவந்தார்கள். சட்டம் தெளிவு. அதை எவ்வளவு கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவார்கள் என்பதில்தான் சந்தேகம். மறுபக்கம், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தமக்குள் தானாகவே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. பழைய ஆட்களின் தைரியம் அந்த ஏற்பாடு வருவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் தங்கள் நாட்டுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர்கள் எழுதும் வரி அறிவுரை மற்றவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் விஷயத்தில் நான் விசாவுக்கு முன்னால் பார்ப்பது உங்கள் கம்பெனியை. "எங்கிருந்து வேண்டுமானாலும்" என்று மேலாளர் வாயால் சொன்னது ஒன்று, மனிதவளத் துறையும் சட்டத் துறையும் கையெழுத்துப் போட்டுத் தருவது வேறு. காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு நாட்டில் உட்கார்ந்து தொடர்ந்து வேலை பார்த்தால், உங்கள் வீட்டையே கம்பெனியின் கிளை என்று கருதி அந்த நாடு கம்பெனியின் லாபத்துக்கு வரி கேட்க வாய்ப்பு உண்டு. ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கிற பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இதில் நெடுங்காலமாக இருந்த தெளிவின்மையைக் குறைக்க, 2025 நவம்பரில் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு தன் மாதிரி வரி ஒப்பந்த விளக்கவுரையைத் திருத்தியது. 12 மாத காலத்தில் ஊழியரின் வேலை நேரத்தில் பாதிக்குக் குறைவாகவே அந்த வீட்டில் நடந்தால், பொதுவாக அது கம்பெனியின் இடமாகக் கருதப்படாது என்பது அதன் சாரம். பாதிக்கு மேல் போனாலும் உடனே கிளை ஆகிவிடாது. ஊழியர் அந்த நாட்டில் இருப்பதற்கு வணிகக் காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். இது விளக்கவுரைதான், எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். ஆனால் கம்பெனியின் வரி ஆலோசகரிடம் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள உதவும்.

கம்பெனி கடிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். ஒருவரின் கடிதத்தில் "இவர் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கப்பட்டவர்" என்று மட்டும் எழுதியிருந்தது. சம்பளச் சீட்டுகள், ஸ்டேட்மென்ட், காப்பீடு எல்லாம் சரி. தூதரக அதிகாரி கேட்ட ஒரே கேள்வி: "எந்த நாட்டில் இருக்கும் வீடு?" கோப்பு திரும்பி வந்தது. புதிய கடிதத்துக்குச் சட்டத் துறையின் ஒப்புதல் வரும்வரை, ஏற்கனவே வாங்கிய காவல்துறைச் சான்றின் செல்லுபடிக் காலம் முடிந்துபோனது. அதை மறுபடி வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரை போட்டு, சான்றளித்த மொழிபெயர்ப்பு செய்து, மறுபடி அப்பாயின்ட்மென்ட் பிடிக்க வேண்டியதாயிற்று. கடிதத்தில் இருக்க வேண்டியவை: நாட்டின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, பதவி, வேலையின் தன்மை, மாதச் சம்பளம் எந்த நாணயத்தில், அந்த நாட்டில் கம்பெனிக்கு அலுவலகம் உண்டா இல்லையா, கையெழுத்திடுபவரின் பெயரும் தொடர்பு விவரமும். ஸ்பெயின் போன்ற இடங்களில் இதோடு சமூகப் பாதுகாப்புச் சான்றும் சேரும். உங்கள் நாட்டுக்கும் ஸ்பெயினுக்கும் ஒப்பந்தம் இருந்து, உங்கள் நாட்டிலேயே தொடர்ந்து பங்களிப்பு கட்டுகிறீர்கள் என்று சான்று கிடைத்தால் எளிது. இல்லையென்றால் கம்பெனி ஸ்பெயினில் பதிவு செய்து உங்களுக்காகக் கட்ட வேண்டும். பல கம்பெனிகள் இந்த இடத்தில் பின்வாங்குகின்றன. ஸ்பெயின் கோப்புகள் பெரும்பாலும் வருமானத்தில் விழுவதில்லை, இந்தச் சான்றில்தான் விழுகின்றன.

"இத்தனை பாடு எதற்கு, சுற்றுலா விசாவிலேயே போய் வேலை பார்" என்று பழைய எக்ஸ்பாட்கள் சொல்வார்கள். சில இடங்களில் அது முறையானதும்கூட. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் பார்வையாளர் விசாவில் வெளிநாட்டு முதலாளிக்கு ரிமோட் வேலை பார்க்க வெளிப்படையாக அனுமதிக்கிறது. 90 நாள் தாண்டினால் வரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. கனடாவும் பார்வையாளராக இருக்கும் காலத்தில் இதைத் தடுப்பதில்லை. மற்ற பல நாடுகளில் சட்டம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை, அல்லது 'வேலை' என்ற ஒரே சொல்லால் தடுக்கிறது. ஓரிரு வாரம் தங்கி மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவரை யாரும் பிடிப்பதில்லை. மாதக்கணக்கில் வந்துவந்து போகிறவருடைய நிலை வேறு. ஷெங்கன் நாடுகள், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள், 2025 அக்டோபர் 12 முதல் வருகையையும் வெளியேற்றத்தையும் கைரேகை, முகப்பதிவோடு கணினியில் பதியத் தொடங்கிவிட்டன. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கைப் பாஸ்போர்ட் முத்திரையைப் புரட்டி அதிகாரி கூட்டிப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. ஒரு முறை மறுக்கப்பட்டால் அது அடுத்த எல்லா விண்ணப்பத்திலும் கேட்கப்படும் கேள்வி. நீண்டகாலம் தங்க நினைக்கிறவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைப்பதே இல்லை.

சொல்பவரின் பாஸ்போர்ட்டையும் கவனியுங்கள். ஜப்பான், ஐஸ்லாந்து விசாக்கள் குறிப்பிட்ட நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். விசா இல்லாமலே அந்நாடுகளுக்குள் நுழையக்கூடியவர்களுக்குத்தான் இந்த நீண்ட அனுமதியும். கொலம்பியாவும் இதேபோல் வரம்பு வைத்திருக்கிறது. "ஆன்லைனில் பத்து நிமிட வேலை" என்று எழுதுகிறவர் பலமான பாஸ்போர்ட் வைத்திருப்பவராக இருப்பார். அதே நாட்டுக்கு உங்களுக்கு நேர்முகம், கூடுதல் ஆவணம், மாதங்கள் எல்லாம் ஆகலாம். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. விசா இல்லாமல் நுழைய முடியாதவர்களுக்குத்தான் இந்த அனுமதிகள் உண்மையில் அதிகம் பயன்படுகின்றன. விசா ரன் என்ற வழியே அவர்களுக்குக் கிடையாது. ஸ்பெயின் அல்லது குரோஷியாவின் அனுமதி கையில் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள்வரை தனி விசா எடுக்காமல் போய்வரலாம். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க அது அனுமதி தராது, போய்வர மட்டும்தான். பலமான பாஸ்போர்ட்காரர் 'பயனில்லை' என்று சொல்லும் விசா இன்னொருவருக்குப் பெரிய விடுதலையாக இருப்பது இப்படித்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எழுதப்படும் எந்த அனுபவக் குறிப்பும் உங்களுக்குப் பாதிதான் உதவும்.

குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், துணைக்கு அங்கே வேலை பார்க்க உரிமை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். ஸ்பெயினில் உண்டு, பல நாடுகளில் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் வருமான வரம்பு கூடும். குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் கிடைக்க, முகவரிப் பதிவு செய்யக்கூடிய அனுமதியாக இருக்க வேண்டும். நீட்டப்பட்ட சுற்றுலா வகை விசாக்கள் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல.

என்னைக் கேட்டால், ஒரு வருடம் இருந்து பார்ப்பது மட்டும்தான் நோக்கம், கம்பெனியும் ஒரு வருடத்துக்குமேல் சம்மதிக்காது என்றால், வரி விலக்கைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் வெளியேற வேண்டும் என்பது அப்போது உங்களுக்குக் குறையாகவே தெரியாது. ஒருவேளை அங்கேயே இருந்துவிடலாம் என்ற எண்ணம் மூலையில் கொஞ்சம் இருந்தாலும், ஆண்டுகள் சேரும் வகையைத்தான் எடுக்க வேண்டும், பாடு அதிகமானாலும். ஒரு வகையில் போய்விட்டு, பிறகு உள்ளேயிருந்தபடியே இன்னொரு வகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பெனியின் எழுத்துப்பூர்வச் சம்மதம். பிறகு இரு நாட்டு வரியையும் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள், அது விசாக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தாலும். அதற்குப் பிறகுதான் ஆவணங்கள், அதிலும் காவல்துறைச் சான்று கடைசியாக. போர்ச்சுகல் போன்ற நாடுகளின் தூதரகங்கள் சிலவற்றில் விசா தருமுன்பே நீண்டகால வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். அப்போது விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் ரத்தாகும், முன்பணம் திரும்பும் என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான வீட்டுக்காரர்கள் அதற்குச் சம்மதிக்கிறார்கள். சம்மதிக்காதவரின் வீட்டுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.